சங்குக்கு முறுக்கிய கிட்டார்

என் கிட்டாரின் சத்தத்தைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு எரிச்சல் வரும். விசாரிப்பவர்கள் நல்லவர்கள்தான். கல்யாண மண்டபத்தில் வாசித்து முடித்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து, என்ன பெடல், என்ன ஆம்ப், எந்த நாட்டுத் தந்தி என்று கேட்பார்கள். நானும் வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால் கேலி செய்கிறேன் என்று நினைப்பார்கள். என் சத்தம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சங்கிலிருந்து வந்தது. அதிலும் பாதி என்னுடையது இல்லை. அந்தப் பாதிக்குச் சொந்தக்காரனோடு நான் பேசிப் பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

தலவாக்கலையில் பஸ் ஏறினால் கடைசியாக இறங்க வேண்டிய தோட்டம் எங்களுடையது. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். ஸ்டோரின் கூரையில் ஒரு மின்சாரச் சங்கு இருந்தது. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஒரு தடவை, நடுப்பகலில் கொழுந்து நிறுக்க ஒரு தடவை, சாயந்தரம் வேலை விட ஒரு தடவை ஊதும். எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தாலும் அம்மா அதை நம்பமாட்டார். சங்கு ஊதினால்தான் அவருக்கு மணி.

எனக்குக் கிட்டார் வந்தது கொழும்பில் வேலை பார்த்த மாமா மூலம். ஒரு ஹோட்டல் பேண்ட் கலைந்தபோது யாரோ கைவிட்ட மின்சாரக் கிட்டார். விளிம்பெல்லாம் வண்ணம் உரிந்து, உள்ளே இருந்த மரம் தெரிந்தது. கூடவே அட்டை கிழிந்த ஒரு பயிற்சிப் புத்தகமும் வந்தது. அதன் முதல் பக்கமே என்னைக் கவிழ்த்தது. பியானோவைக் கொண்டோ இசைக்கவையைக் கொண்டோ தந்திகளுக்குச் சுருதி சேர்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. பியானோவை நான் கண்ணால் கண்டதில்லை. இசைக்கவை விஞ்ஞானப் புத்தகத்தில் படமாக இருந்தது, பள்ளிக்கூட அலுமாரியில் இல்லை. சுருதி பார்க்கும் கைபேசியெல்லாம் எங்கள் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வர இன்னும் காலம் இருந்தது. நாள் தவறாமல் ஒரே சுருதியில் ஒலித்த பொருள் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான்.

ஆகவே சங்குக்கு முறுக்கினேன். அது முதலில் ஏறும், பிறகு ஒரு நிமிடம் போல ஒரே இடத்தில் நிற்கும், பிறகு இறங்கும். அது நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்குள் மூன்றாவது தந்தியை அதோடு சேர்த்துவிட வேண்டும். மற்ற ஐந்தையும் பிறகு நிதானமாக மூன்றாவதோடு சேர்த்துக்கொள்ளலாம். நடுப்பகலில் தவறவிட்டால் சாயந்தரம் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் தோட்டம் மின்சார லைனின் கடைசித் தோட்டம் என்பதும், கரண்ட் எங்களிடம் வந்து சேரும்போது களைத்துப்போயிருக்கும் என்பதும், அதனால் எங்கள் சங்கு ஒலிக்க வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயே ஒலித்தது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. உலகத்திலேயே மிகச் சரியான கிட்டார் என்னுடையதுதான் என்று திரிந்தேன்.

ஆம்ப் வாங்க வழி இல்லை. அப்பாவின் பழைய ரேடியோவின் பின்பக்கம் வயரைச் செருகினேன். அதன் ஸ்பீக்கர் காகிதம் ஓரத்தில் கிழிந்திருந்ததால் எந்தத் தந்தியைத் தட்டினாலும் கரகரவென்று ஒரு உறுமலோடுதான் வரும். லயத்தில் எட்டுக் காம்பராவுக்கும் ஒரே கூரை. சுவர் கூரை வரைக்கும் போகாது. என் வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். மலையில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறித்துவிட்டு வந்து காலை நீட்டிப் படுத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்கா, என் முதல் சுரத்துக்கே சுவரில் தட்டுவார். அதனால் வொலியூமைக் குறைத்து, தந்திகளுக்கு அடியில் ஒரு துணித்துண்டைச் செருகி, விரல் நுனியால் தடவுவது போல வாசிக்கப் பழகினேன். பின்னாளில் கொழும்பில் என் கைக்கு ஒரு மென்மை இருக்கிறது என்று பாராட்டினார்கள். அந்த அக்காவின் வாய்க்குப் பயந்து வந்த மென்மை அது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோட்டம். அங்கே ஒருவனிடம் கிட்டார் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். கோயில் திருவிழாவுக்கு இரண்டு தோட்டத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு இசைக்குழு நடத்தலாம் என்று பேச்சு வந்தபோதுதான் அவனைப் பார்த்தேன். என் வயதுதான். ஒல்லி. பேசுவதற்கு முன் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொள்வான். அவனும் யாரிடமும் படிக்காமல் தானாகவே கற்றுக்கொண்டவன். நான் தனித்தந்திகளில் ராகம் தேடிக்கொண்டிருந்தேன். அவன் ஆறு தந்தியையும் சேர்த்து அழுத்தி கோர்ட் பிடிப்பான். சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்று இருவருக்குமே பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சேர்ந்தோம். தாய்மார் வேலைக்குப் போகும் நாட்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஞாயிறு காலியாக இருக்கும். உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில் சேலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே ரேடியோவில் இரண்டு வயரையும் முறுக்கிச் செருகினோம். அவன் ஒரு கோர்ட் அடித்தான். நான் அதன் மேல் ஒரு சுரத்தை வைத்தேன். பல் கூசியது. இரண்டு கிட்டாரும் அரைச் சுரத்துக்கும் குறைவான ஒரு இடைவெளியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. நீ எதற்குச் சுருதி சேர்த்தாய் என்று நான் கேட்டேன். அவன் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "எங்க ஸ்டோரு சங்குக்கு."

இந்த முட்டாள்தனம் எனக்கு மட்டும்தான் தோன்றியிருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். சிரித்திருக்க வேண்டிய இடம். ஆனால் நாங்கள் சண்டை பிடித்தோம். எங்கள் சங்கு சரியா, அவர்கள் சங்கு சரியா என்று அந்தத் தொட்டில் சேலைகளுக்கு நடுவே நின்று மூச்சு வாங்கப் பேசினோம். அவர்கள் சங்கு பதறுகிறது என்றேன். எங்கள் சங்குக்குச் சளி பிடித்திருக்கிறது என்றான். யாராவது ஒருவர் முறுக்காணியைக் கொஞ்சம் திருப்பினால் முடிந்துபோகிற விஷயம். இருவரும் திருப்பவில்லை. தோட்டத்து மானம் தந்தியில் இருந்தது.

கோர்ட் பிடிப்பவனால் அசைய முடியாது. தனித்தந்தி வாசிப்பவனுக்கு ஒரு வழி இருக்கிறது. அழுத்திய தந்தியை விரலாலேயே பக்கவாட்டில் தள்ளினால் சுரம் மேலே ஏறும். பாதி வீம்பு, பாதி விளையாட்டாக அப்படித் தள்ளினேன். என் சுரம் கீழேயிருந்து மெதுவாக ஏறி அவன் கோர்ட்டை நெருங்கியது. இரண்டும் உரசியதில் எழுந்த அலை, கிழிந்த ஸ்பீக்கரில் முதலில் படபடவென்று அடித்தது, நெருங்க நெருங்க நிதானமானது, சேர்ந்த இடத்தில் நின்றேவிட்டது. ரேடியோ அமைதியாகப் பாடியது. அவன் கை தந்திமேல் அப்படியே இருக்க என்னை நிமிர்ந்து பார்த்தான். "இன்னொருக்கா தள்ளு" என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், மழையோ பனியோ, ஞாயிறு என்றால் பிள்ளைக் காம்பராதான். வெளிநாட்டு ரொக் கிட்டார்காரர்களின் பாட்டுகளைக் கேட்டு அப்படியே வாசிக்கப் பார்த்தோம். ஒன்றுகூட அப்படியே வரவில்லை. என் கை எந்த ராகத்தையும் கீழேயிருந்துதான் தொடங்கியது. எவ்வளவு தூரம் தள்ளினால் அவனிடம் போய்ச் சேரும் என்பது கண்ணை மூடினாலும் என் மோதிர விரலுக்குத் தெரிந்துவிட்டது. வேகமாகத் தள்ளினால் ஒரு குணம், மெதுவாகத் தள்ளினால் ஒரு குணம். சேர்கிற மாதிரி போய்ச் சேராமல் நிறுத்தி ஆளைத் தவிக்கவிடுவதும் ஒரு குணம். நான் அப்படி நிறுத்தும்போதெல்லாம் அவன் கோர்ட்டை மாற்றாமல் பிடித்தபடி நிற்பான். என் ஸ்டைல் என்று பிறகு ஊர் சொன்னதெல்லாம் இந்தத் தள்ளல்தான். அவன் ஸ்டைல் காத்திருப்பது. ஒன்றில்லாமல் ஒன்று இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. திருவிழாவில் எங்களைக் கேட்டவர்கள் என்னைத்தான் தேடி வந்து, அழுகிற கிட்டார் வாசிக்கிற பையன் நீதானா என்று கேட்டார்கள். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கியது.

ஹட்டனில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவரான கொழும்பு இசைக்குழுத் தலைவர் ஒருவர் அங்கே வருவதாகவும், அவருக்கு இரண்டு கிட்டார்காரர்கள் தேவை என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவருடைய கீபோர்ட்டோடு சேர்ந்து நாலு பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும். கீபோர்ட் எந்தத் தோட்டத்துச் சங்கையும் கேட்டு வளர்ந்ததில்லை. எங்கள் இரண்டு கிட்டாரும் அதற்கு முன்னால் நாறிப்போகும் என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. ஹட்டன் கடையில் ஒரு சின்னக் கருவி வாங்கினேன். கிட்டாரின் தலையில் கவ்விக்கொள்ளும். தந்தி சரியான இடத்துக்கு வந்தால் பச்சை விளக்கு எரியும்.

அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி சங்குச் சண்டை வரும், வீம்பு பிடிப்பான், இருக்கிற ஒரு வாய்ப்பும் போய்விடும் என்று பயந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து கொழும்புக்குப் போக வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், அது சத்தியம். அவன் பந்தியில் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில், மேடைக்குப் பின்னால் இருந்த அவன் பையைத் திறந்தேன். முதலில் என் கிட்டாரைச் சேர்த்தேன். பிறகு அவனுடையதை. ஆறு தந்திக்கும் ஆறு தடவை பச்சை விளக்கு. பையை மூடிப் பழையபடி வைத்தேன்.

மேடையில் அவன் முதல் கோர்ட்டை அடித்தான். அடித்த கை அப்படியே நின்றது. தந்திகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் கீபோர்ட்டைப் பார்த்தேன். அதன் பிறகு நாலு பாட்டையும் ஒரு பிசகு இல்லாமல் வாசித்தான். நானும் பிசகு இல்லாமல் வாசித்தேன். தலைவர் கைகொடுத்து, இரண்டு தம்பிகளும் சுத்தமாக வாசிக்கிறீர்கள், இரண்டு பேரும் வாருங்கள் என்றார்.

ஹட்டன் பஸ் நிலையத்தில்தான் அவன் வாய் திறந்தான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, அவர்கள் தோட்டத்து பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே முறுக்கியிருப்பேனே டா."

பஸ் வந்தது, ஏறிப்போனான். அடுத்த ஞாயிறு பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது வாரம் நான் தனியாகக் கொழும்புக்கு ரயில் ஏறினேன். அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க எனக்குக் கால் இருந்தது, முகம் இல்லை.

கொழும்பில் நான் சரியான கிட்டார்காரனாக இருந்தேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் வாசிப்பேன். ஆனால் நீண்ட சுரம் வந்தால் விரல் பழக்க தோஷத்தில் தந்தியைத் தள்ளிவிடும். சரியான இடத்திலிருந்து தள்ளினால் எங்கே போய் நிற்கும்? அபசுரத்தில்தான். தலைவர் பொறுமையானவர். ஒருநாள் ஒத்திகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, நீங்க சரியான எடத்துலதானே நிக்கிறீங்க. எதப் புடிக்க மேல போறீங்க?"

சத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு சாமான்களைத் தேடத் தொடங்கினேன். உறுமலுக்கு ஒரு பெடல், எதிரொலிக்கு ஒரு பெடல். தடித்த தந்தி, மெல்லிய தந்தி. பழைய தொலைபேசி அட்டையை வெட்டிச் செய்த, தந்தி மீட்டும் பிக். ஒரு தடவை ஆம்ப் ஸ்பீக்கரின் ஓரத்தை பிளேடால் கீறியும் பார்த்தேன். கல்யாணமான புதிதில், வாடகை அறையில் நான் கொடியில் சேலைகளை வரிசையாகத் தொங்கவிட்டு நடுவில் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்து, இது என்ன வேண்டுதல் என்று மனைவி கேட்டாள். கிட்டார்காரனின் சத்தம் அவன் விரலில்தான் இருக்கிறது என்று இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன். என் சத்தத்தில் பாதி இன்னொருவன் விரலில் இருந்தது, அந்த விரலை நானே விட்டுவிட்டு வந்தேன் என்று எந்தக் கடையில் போய்ச் சொல்வது?

அவனை நினைக்காத ஞாயிறு இல்லை. பகல் இரண்டு மணி ஆனால் எங்கே இருந்தாலும் எனக்கு ஒரு பரபரப்பு வரும், எங்கேயோ போக வேண்டியவன் போக மறந்ததுபோல. அவன் டுபாய்க்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஹோட்டல் ஒன்றில் ஏசி பழுதுபார்க்கிறான் என்றார்கள்.

போன வருடம் குடும்பத்தோடு ஹட்டனுக்கே வந்துவிட்டேன். கல்யாணங்களுக்கு வாசிக்கிறேன், பகலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒருநாள் அவன் தங்கையைக் கண்டேன். பழைய கதை எதுவும் தெரியாதவள்போலச் சிரித்து நலம் விசாரித்தாள். அவன் நம்பரைக் கேட்டேன். கொடுத்துவிட்டு, "அண்ணன் இப்ப கிட்டார தொடுறதே இல்லீங்க" என்றாள். நம்பரைப் பதிந்துகொண்டேன். இரண்டு மாதம் அதைத் திறந்து திறந்து பார்த்து மூடினேன். பதினான்கு வருடத்துக்கு அப்புறம் ஒருவனுக்கு வணக்கம் என்று எழுதினால் அது எனக்கே சகிக்கவில்லை.

அம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். ஹட்டனுக்கு வரச்சொன்னால், பார்க்கலாம் என்பார். ஒரு ஞாயிறு கிட்டாரையும் ஒரு சின்ன ஆம்பையும் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் ஸ்டோரை மூடிப் பல வருடம் ஆகிறது. கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டார்கள், சங்கு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. பறிக்கிற கொழுந்தை லொறியில் ஏற்றி அக்கரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மணி எப்படித் தெரிகிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "இப்ப நமக்கும் அவங்க சங்குதான்" என்றார். ஞாயிற்றுக்கிழமையும் பழக்கத்துக்கு ஊதிவிடுகிறார்களாம்.

என் பழைய சுருதி எனக்கு வேண்டும்போல இருந்தது. ஆனால் அதைத் தர எங்கள் சங்கு இல்லை. வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். அவர்கள் சங்கு இருக்கிறது. அதற்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்பது மோதிர விரலுக்குத் தெரியும். தந்தியைக் குத்துமதிப்பாகத் தளர்த்தி வைத்துக் காத்திருந்தேன். நடுப்பகலில் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து சங்கு எழுந்து, ஏறி, நின்றது. பழைய அளவுக்குத் தள்ளினேன். சுரம் சங்கைத் தாண்டிப் போய்விட்டது. இன்னும் தளர்த்தினேன். மறுபடி தள்ளினேன், இப்போது சேரவில்லை. ஒரு மயிரிழை ஏற்றினேன். மூன்றாவது தடவை விரல் நின்ற இடத்தில் அலையும் நின்றது. சங்கு இறங்கத் தொடங்கும்வரை விரலை எடுக்கவில்லை. என் சுருதி திரும்பிவிட்டது. நாங்கள் கேலி செய்த அந்தச் சங்குதான் அதைத் திருப்பித் தந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றார். இந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

காத்திருந்தபோதே கைபேசியைப் பக்கத்தில் பதிவுக்குப் போட்டு வைத்திருந்தேன். சங்கு முழுதாக அதில் இருந்தது, அதைப் போய்ப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு தடவை தடுமாறி மூன்றாவதில் சேர்ந்த என் தந்தியும் இருந்தது. ஒரு வார்த்தையும் எழுதாமல் அதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் இல்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.

வெள்ளிக்கிழமை டுபாயில் அவனுக்கு விடுமுறை. மத்தியானம் அவனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. திறந்ததும் ஏதோ இயந்திர இரைச்சல். பிறகு ஒரு கோர்ட். யாரிடம் இரவல் வாங்கினானோ, மலிவான கிட்டாராக இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சுருதியை எனக்குத் தெரியாதா? என் பதிவில் இருந்த சங்கைக் கேட்டு, அதற்கு முறுக்கியிருக்கிறான். அடித்துவிட்டு, மாற்றாமல், பழையபடி பிடித்துக்கொண்டே இருந்தான். அது தேயும் நேரத்தில் ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. பிறகு அவன் குரல்.

"இது நானே முறுக்குனது."

அவ்வளவுதான் இருந்தது. கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பதிவைத் திரும்பவும் ஓடவிட்டேன். அவன் கோர்ட் எழுந்ததும் கீழேயிருந்து தள்ளத் தொடங்கினேன். அலை படபடத்தது, நிதானமானது, இன்னும் ஒரு மயிரிழைதான் பாக்கி. அதற்குள் பதிவு முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து அழுத்தினேன்.